பத்து மணிக்குத் திறக்கும் கை

மார்ச் 3

அண்ணிக்கு,

நாத்தனார் எழுதுவது. அனுப்பியவர் பெயரைப் பார்த்ததுமே கிழித்துப் போட்டிருக்காவிட்டால் மேலே படியுங்கள். போன் செய்து பார்த்தேன், என் குரல் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். அதனால்தான் நீங்கள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி முகவரிக்கே எழுதுகிறேன்.

எனக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது, உங்களுக்கே தெரியும். என் கை வீங்கியிருக்கிறது. இரண்டு கையும். காலையில் எழுந்தால் விரல்கள் மடங்குவதில்லை. விரல் முட்டிகளைத் தொட்டால் சுடுகிறது. பிரஷ்ஷைப் பிடித்துப் பல் துலக்க முடியவில்லை, பொத்தான் போட முடியவில்லை. பேக்கரியில் மாவு பிசைய நின்றால் கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது. வெயில் ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது, மத்தியானத்துக்குள் எதுவுமே நடக்காதது போல் ஆகிவிடுகிறது. மறுநாள் காலையில் பழைய குருடி கதவைத் திறடிதான்.

உங்களுக்கும் இப்படித்தானே ஆரம்பித்தது? உங்கள் ஆஸ்பத்திரியில் முடக்குவாதத்துக்கென்றே ஒரு டாக்டர் இருக்கிறாராம். இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவரை விட்டால் வேறு ஆள் இல்லை என்கிறார்கள். புது நோயாளிக்கு நாள் கிடைக்க மாதக்கணக்கில் ஆகுமாம். அந்த நாளைக் கொடுக்கும் மேஜையில் உட்கார்ந்திருப்பது நீங்கள்தான் என்றும் கேள்விப்பட்டேன்.

சீக்கிரமாக ஒரு நாள் கொடுங்கள். உங்களிடம் வந்து கை நீட்டி நிற்பேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. நிற்கிறேன்.

அண்ணன் நன்றாக இருக்கிறார். உங்கள் மகள் குட்டியைப் பற்றி உங்களுக்கு ஒரு வரிகூட எழுதக்கூடாது என்று குட்டியே சொல்லியிருக்கிறாள். அதனால் எழுதவில்லை.

நாத்தனார்

*

மார்ச் 11

முதலாளியம்மாவுக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை டீ போட்டு வைத்துக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்து, ருசித்துப் படித்தேன்.

நோயென்று வந்தவளுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். சொல்கிறேன். எதுவும் என் சொந்தச் சரக்கு இல்லை, எல்லாம் உன் வாயிலிருந்து வந்தவை.

"வேலைன்னா வலி வருது, வேலை முடிஞ்சா வலி போயிடுது. இது என்ன நோயோ, நேரம் பார்த்து வருது!"

"கையை ஆட்டி வேலை செஞ்சா எல்லாம் தானா சரியாயிடும்."

"எங்களுக்கெல்லாம் கை இல்லையா? எங்க கை என்ன இரும்பா?"

நினைவிருக்கிறதா? நம் பேக்கரியில் மாவு பிசைவது விடியும் முன். என் விரல்கள் திறப்பது பத்து மணிக்கு. அதற்குள் நீங்கள் பிசைந்து, சுட்டு, அடுக்கி, பாதியை விற்றும் முடித்திருப்பீர்கள். ஒருவழியாகக் கை மடங்கி, தலை வாரிக்கொண்டு நான் கடைக்குள் வந்தால், "வந்துட்டாங்கப்பா, பத்து மணிப் பூ பூத்துடுச்சு!" என்பாய். ரொட்டி வாங்க வந்தவர்களுக்கும் கேட்கும்படி. அவர்கள் சிரித்தார்கள், அது போகட்டும். உன் அண்ணனும் சிரித்தார். அது இன்றுவரை எனக்குச் செரிக்கவில்லை.

இங்கே வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. தேய்ந்துபோன மூட்டு, வேலை செய்யச் செய்ய வலிக்கும். அழற்சி பிடித்த மூட்டு ஓய்வில் இறுகும், அசைய அசையத்தான் விடும். "காலைல எழுந்ததும் எவ்வளவு நேரம் இறுகியிருக்கு?" என்பதுதான் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி. என் நோய்க்கு இருந்த ஒரே சாட்சியை என் சோம்பேறித்தனத்துக்குச் சாட்சியாகத் திருப்பிவிட்டீர்கள். வேறு எந்தக் குடும்பமாக இருந்தாலும் காலையில் படுத்திருப்பவளைப் பார்த்து 'உடம்பு சரியில்லை போல' என்று நினைத்திருக்கும். பேக்கரிக் குடும்பத்துக்கு அது திருட்டாகத் தெரிந்தது.

என் வலது மணிக்கட்டு இப்போது மடங்காது. விரல்கள் நாலும் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டன. பேனாவில் ரப்பர் சுற்றி வைத்து எழுதுகிறேன், அதனால்தான் இந்தக் கோழிக்கிறுக்கல்.

நாள் வேண்டுமா? காத்திரு.

பத்து மணிப் பூ

*

மார்ச் 16

அண்ணிக்கு,

திட்டுங்கள். பாக்கி வைக்க வேண்டாம். நீங்கள் திட்டுவீர்கள் என்று தெரிந்துதான் எழுதினேன்.

ஆனால் நானும் ஒன்று கேட்பேன். நீங்கள் வீட்டை விட்டு பஸ் ஏறியபோது குட்டிக்கு ஒன்பது வயது. அதற்குப் பிறகு அவளுக்குத் தலை பின்னியது யார்? காய்ச்சல் வந்தால் விடியவிடிய ஈரத்துணி மாற்றிப் போட்டது யார்? "அம்மா எப்ப வரும் அத்தை?" என்று கேட்டபோதெல்லாம் பதில் தெரியாமல் திருதிருவென்று விழித்தது யார்? உங்கள் பெயரைச் சொன்னாலே இப்போது எழுந்து போய்விடுகிறாள். அதை நான் கற்றுக்கொடுக்கவில்லை. நீங்கள் வராத வருஷங்கள் கற்றுக்கொடுத்தன.

சரி. இதைச் சொல்ல எழுதவில்லை.

மருந்துக்கடையில் வலி மாத்திரை கேட்டு வாங்கிப் போடுகிறேன். போட்டால் கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறது, அப்புறம் வட்டியோடு திரும்பி வருகிறது. பக்கத்துக் கடைக்காரி கோதுமையை அடியோடு விடச் சொல்கிறாள். எதிர் வீட்டுக்காரர் ஏதோ ஒரு எண்ணெயைத் தடவச் சொல்கிறார். ஆளுக்கொரு வைத்தியர். யார் சொல்வதைக் கேட்பது? உள்ளே என்னதான் நடக்கிறது, அதையாவது சொல்லுங்கள். காத்திரு என்றீர்களே, காத்திருந்தால் கெடுதல் ஏதாவது உண்டா?

நாத்தனார்

*

ஏப்ரல் 2

முதலாளியம்மாவுக்கு,

ஆமாம், பஸ் ஏறினேன். குட்டியின் துணியையும் சேர்த்துத்தான் பையில் வைத்திருந்தேன். கடை வாசலில் அவள் கையைப் பிடித்து உன் பக்கம் இழுத்துக்கொண்டு, "கை விளங்காதவ பிள்ளையை எப்படி வளர்ப்பே? சட்டைக்குப் பொத்தான் போடுவியா, சோறு ஊட்டுவியா?" என்று கேட்டாய். எதிரே நின்ற உன் அண்ணன், மாவு மூட்டைகளுக்குப் பக்கத்தில் இன்னொரு மூட்டையாக நின்றார். என்னால் இழுக்க முடியவில்லை. விரல் பிடி தாங்கவில்லை. அவள் கை என் கையிலிருந்து நழுவிப் போனது. அது பாசக்குறைவு இல்லை, அழற்சி. அதற்குப் பிறகு ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவளுக்கு எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. அந்த வீட்டில் தபாலைப் பிரிப்பது யார் என்று எனக்குத் தெரியும்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். புது நோயாளிகளுக்கு இதை விளக்கிச் சொல்வதும் இங்கே என் வேலைதான்.

விரலில் கத்தி பட்டால் சிவக்கிறது, சூடாகிறது, வீங்குகிறது. அது உடம்பு செய்யும் ரிப்பேர். ரத்தத்தில் ஒரு படை ஓடி வருகிறது, கிருமியைத் தின்கிறது, காயத்தை மூடுகிறது, வேலை முடிந்ததும் திரும்பிப் போகிறது. அந்தச் சூடு மட்டும் இல்லாவிட்டால் நாமெல்லாம் ஒரு முள் குத்தியே செத்திருப்போம். அடுப்புக்குள் இருக்கிற வரைக்கும் நெருப்பு நமக்குச் சோறு போடுகிறது, இல்லையா? முடக்குவாதத்தில், காயமே இல்லாத மூட்டுக்குள் அந்தப் படை இறங்குகிறது. திரும்பிப் போகச் சொல்ல ஆள் இல்லை. மூட்டின் உள்ளுறை தடிக்கிறது, குருத்தெலும்பை அரிக்கிறது, அப்புறம் எலும்பை.

வலி மாத்திரை வலியைத்தான் மூடும், அரிப்பை நிறுத்தாது. கேள்வி கேட்பாரில்லாமல் தினம் போட்டால் வயிற்றையும் புண்ணாக்கும். டாக்டர் கொடுப்பது வேறு மருந்து. அது படையையே அடக்கும். ரத்தத்தைப் பரிசோதித்து, கல்லீரல் தாங்குகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கொடுப்பார். இனிப்பும் பொரித்ததும் குறைத்து, காய், பழம், பருப்பு, மீன் என்று சாப்பிட்டால் நல்லது. தூக்கம் வேண்டும், நடக்க வேண்டும், சிகரெட் புகை பக்கம் போகக்கூடாது. எல்லாம் துணைக்குத்தான், மருந்துக்குப் பதிலாக இல்லை. கோதுமையை விட்டால் உன் கடைதான் மூடும், நோய் மூடாது.

காத்திருந்தால் கெடுதல் உண்டா என்று கேட்டாய். உண்டு. முதல் சில மாதங்களுக்குள் மருந்து தொடங்கினால் கை கையாகவே இருக்க வாய்ப்பு உண்டு. தாண்டிவிட்டால் அரித்தது அரித்ததுதான், எந்த டாக்டராலும் திருப்பித் தர முடியாது. இதை ஏன் ஒளிக்காமல் சொல்கிறேன் தெரியுமா? நினைத்தால் 'ஒன்றும் ஆகாது, பொறு' என்று உன்னிடம் பொய் சொல்லியிருக்கலாம். பொய் வேண்டாம். அந்த மாதங்கள் எனக்குத் தெரியாமல் போயின. உனக்குத் தெரிந்தே போகட்டும். ஒவ்வொரு காலையும் கையைப் பார்த்து, இன்று என்ன போனதோ என்று நீ நடுங்க வேண்டும்.

இன்னொன்று. உன் கையெழுத்து அச்சடித்தது போல் இருக்கிறதே? வீங்கிய கை எழுதியதா இது? அல்லது நடிப்பா? நீ என்னிடம் கேட்டதையே நானும் கேட்கிறேன். நிரூபி. காலையில் எழுந்ததும், வெந்நீரில் நனைக்காமல், கையைக் காகிதத்தில் வைத்து ஓரத்தைச் சுற்றி வரைந்து அனுப்பு. எத்தனையோ கைகளைப் பார்த்தவள் நான். என்னை ஏமாற்ற முடியாது.

பத்து மணிப் பூ

*

ஏப்ரல் 14

அண்ணிக்கு,

கேட்டது உள்ளே இருக்கிறது. வலது கை. இவ்வளவுதான் விரிந்தது. பென்சில் விரலில் பட்டாலே வலித்தது, அதனால் கோடு அங்கங்கே விலகிப் போயிருக்கிறது. கடிதத்தை மத்தியானத்தில் எழுதுகிறேன், அதனால் எழுத்து ஒழுங்காக இருக்கிறது. அந்த நேரத்தில் கையின் இறுக்கம் விட்டுவிடும் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

வலி மாத்திரையை நிறுத்தியாயிற்று. நீங்கள் எழுதியதை அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். கடிதத்தை வாங்கித் தானும் ஒரு முறை படித்தார். அப்புறம், "காலைல மாவு பிசையுறதை விட்டுடலாமே" என்றார். இப்போது முந்தின நாள் சாயங்காலமே பிசைந்து குளிர்பெட்டியில் வைத்துவிடுகிறோம். ராத்திரியெல்லாம் மெதுவாகப் பொங்குகிறது. விடிந்ததும் அண்ணன் எடுத்துச் சுட வேண்டியதுதான். ஒரு வாரத்தில் பழகிவிட்டது. ரொட்டி முன்பைவிட ருசியாக இருக்கிறது என்று வாங்குகிறவர்களே சொல்கிறார்கள். காலையில் கைக்கு வேலையே இல்லை.

நான் சொன்னபடி கேட்டுவிட்டேன். நீங்களும் நாளைச் சொல்லுங்கள்.

நாத்தனார்

*

ஏப்ரல் 19

கவரைப் பிரித்ததும் முதலில் கைதான் விழுந்தது. பார்த்தேன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நடுவில் உப்பி, இரண்டு ஓரமும் ஒடுங்கியிருக்கின்றன. நடிப்பில்லை, அது உண்மையான நோய். ஒல்லி ஒல்லியாக விரல்கள். இந்த வயதிலும் தடிக்காத விரல்கள், அடுத்தவர்களை வேலை வாங்கியே வாழ்ந்த விரல்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் மனசு இளகிவிட்டது, மறைக்காமல் சொல்கிறேன். ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒருவர் வர முடியாது என்று சொல்லிவிட்டதால் ஒரு நாள் காலியாகியிருந்தது. அதில் உன் பெயரை எழுதினேன்.

எழுதிவிட்டுத்தான் கடிதத்தைப் படித்தேன்.

மாவைச் சாயங்காலமே பிசைகிறீர்களா? குளிர்பெட்டியில் வைக்கிறீர்களா? ருசியாக வேறு இருக்கிறதா?

இதே யோசனையை நான் உங்களிடம் சொன்னேன். கெஞ்சினேன். "முந்தின நாளே பிசைஞ்சு வெச்சா என்ன? நானே ஒத்தை ஆளா பிசைஞ்சு வெக்கிறேன்" என்றேன். "பழைய மாவுல ரொட்டி போட்டா கடை மானம் போயிடும். உனக்காகக் கடையையே தலைகீழாக் கவுக்கணுமா?" என்றாய். உன் அண்ணன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்று அவர் இன்றைக்குச் சொன்ன அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் நான் பஸ் ஏறியிருக்க மாட்டேன். குட்டியை விட்டிருக்க மாட்டேன். என் கைக்காக வருஷக்கணக்கில் அசையாத கடை, உன் கைக்காக ஒரே வாரத்தில் அசைந்திருக்கிறது.

முடியாது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். முடிந்திருக்கிறது. உங்களுக்கு மனசுதான் இல்லை.

உன் பெயரை அடித்துவிட்டேன். அந்த நாளை ஒரு பஸ் டிரைவருக்குக் கொடுத்தேன். ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியவில்லை என்று மேஜைக்கு முன்னால் நின்று அழுதார். உனக்கு ஜூலை. அதற்குள் என்னென்ன போகுமோ போகட்டும். என் கையைப் பார்த்துச் சிரித்தவள், தினம் உன் கையைப் பார்.

இனி எழுதாதே.

*

மே 20

அண்ணி,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன்.

நீங்கள் பார்த்த கை என்னுடையது இல்லை. குட்டியுடையது.

என் கைக்கு ஒரு குறையும் இல்லை, குத்துக்கல் மாதிரி இருக்கிறது. எழுத்து அச்சு மாதிரி இருந்ததற்குக் காரணம் அதுதான். படிப்பு முடிந்து அவள் எங்களோடு கடையில் நிற்கத் தொடங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஜனவரியில் ஒரு நாள் விடியற்காலையில், மாவுத் தொட்டிக்கு முன்னால் வந்து நின்று, "கை மடங்கலை அத்தை" என்றாள். உங்களிடம் சொன்னதெல்லாம் அவளிடமும் சொல்ல வாய் வரை வந்தது. பல்லைக் கடித்து விழுங்கினேன். உங்கள் முகம்தான் நினைவுக்கு வந்தது.

உங்களிடம் கேட்கலாம் என்றேன். "அவங்ககிட்ட என் பேரைச் சொன்னா நான் இந்த வீட்டுலயே இருக்க மாட்டேன். விட்டுட்டுப் போனவங்க என் கைக்கு வைத்தியம் பாக்க வேண்டாம்" என்றாள். தன் தலைமேல் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அதனால்தான் என் கை என்று எழுதினேன். உங்களுக்கு என்மேல் இருக்கிற கோபத்தையெல்லாம் கொட்டி முடித்துவிட்டால் நாள் கொடுத்துவிடுவீர்கள், கூட்டிக்கொண்டு வந்து எப்படியாவது டாக்டரிடம் காட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். எனக்கென்ன, திட்டு உடம்பிலா ஒட்டப்போகிறது? டாக்டருக்கு அனுப்ப வேண்டும் என்று அவளிடம் பொய் சொல்லித்தான் கையை வரைந்தேன்.

கடை வேலையை அவளுக்காகத்தான் மாற்றினோம். உங்களுக்காக மாற்றவில்லை.  ஏன் என்று பதில் தேடி எடுத்தாலும் அது நல்ல பதிலாக இருக்காது.

உங்கள் பிறந்தநாள் கடிதங்களை நான் ஒளிக்கவில்லை. எல்லாவற்றையும் அவள் கையிலேயே கொடுத்தேன். அவளே கொண்டுபோய் ரொட்டி அடுப்பில் போட்டாள். நான் தடுக்கவில்லை, அது என் தப்பு என்றால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அண்ணி, பெற்றவள் நீங்கள். அந்தக் கையைக் காகிதத்தில் வைத்து நான் வரையும்போது எனக்கு உள்ளூர நடுக்கம், பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவீர்கள் என்று. கண்டுபிடித்துவிட மாட்டீர்களா என்று ஏங்கியும் இருந்தேன். சத்தியத்தை நான் மீறாமலே காரியம் முடிந்துவிடும் அல்லவா? எத்தனையோ கைகளைப் பார்த்தவள் என்று எழுதினீர்கள். உங்கள் மகள் கையைப் பார்த்து, வேலை வாங்கியே வாழ்ந்த விரல் என்று எழுதினீர்கள்.

இப்போது மணிக்கட்டும் வீங்கிவிட்டது. நேற்று தண்ணீர் டம்ளர் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அவளே குனிந்து எடுக்கப் பார்த்தாள், எடுக்க முடியவில்லை. அப்போதே முடிவு செய்தேன், சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது. இது தெரிந்தால் இனி என்னோடும் பேச மாட்டாள். உங்களுக்குத் திருப்திதானே? இரண்டு பேருக்கும் ஒரே தண்டனை.

ஜூலை வேண்டாம். கெஞ்சச் சொன்னால் கெஞ்சுகிறேன்.

நாத்தனார்

*

மே 23

திங்கட்கிழமை காலை. முதல் ஆள். டாக்டரிடம் நேராகப் போய்க் கேட்டுவிட்டேன், சரி என்றுவிட்டார்.

அன்று வலி மாத்திரை எதுவும் போட விடாதே. வெந்நீரில் கை நனைக்க விடாதே. வலிக்கிறது என்று அழுதாலும் விடாதே. வீக்கம் இருக்கிறபடியே டாக்டர் கண்ணில் பட வேண்டும். எப்போது தொடங்கியது, காலையில் எவ்வளவு நேரம் இறுகியிருக்கிறது என்று அவர் கேட்டால் அவளே பதில் சொல்லட்டும், நீ குறுக்கே பேசாதே. இதே நோய் அம்மாவுக்கு இருக்கிறதா என்று கட்டாயம் கேட்பார். அவள் இல்லை என்று சொன்னால், இருக்கிறது என்று நீ சொல்.

என் மேஜை முன்வாசலில். பக்கவாசல் வழியாக வாருங்கள். அன்றைக்கு என் இடத்தில் வேறு ஆளை உட்கார வைக்கிறேன். என்னிடம் சொன்னதாக அவளிடம் நீ சொல்ல வேண்டியதில்லை, உன் சத்தியம் உன்னோடு இருக்கட்டும். நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரி இதுதான் என்பதும் அவளுக்குத் தெரிய வேண்டாம்.

அந்த பஸ் டிரைவர் போன வாரம் வந்திருந்தார். என் முன்னால் விரல்களை மடக்கி மடக்கிக் காட்டினார். "சீக்கிரமே நாள் கிடைச்சுதுங்க, தப்பிச்சேன். எல்லாம் உங்க புண்ணியம்" என்று கும்பிட்டார். நல்ல மனுஷர். சிரித்துக்கொண்டே அனுப்பிவைத்தேன். அது யாருடைய நாள் என்று அன்று எனக்குத் தெரியாது.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. மன்னிக்கவில்லை. நீயும் என்னை மன்னிக்க வேண்டாம். உனக்கென்று நான் வைத்த தீ எங்கே போய்ப் பிடித்தது என்று பார்த்தாயா? உன்னை நான் ஒன்றுமே செய்யவில்லை. ஒரு விரலைக்கூட.

டாக்டர் ஒவ்வொரு மூட்டாக அழுத்திப் பார்ப்பார். நன்றாக வலிக்கும். வலித்தால் அவள் பக்கத்தில் இருப்பவர் கையைத்தான் பிடிப்பாள், சின்ன வயதிலேயே அப்படித்தான். வெளியே நிற்காதே. கூடவே உள்ளே போ.